ஊதிவிட்டு உள்ளே வா

பன்னிரண்டு வருஷமாக என் வீட்டு வாசலில் எனக்கென்று ஒரு செக்போஸ்ட் இருந்தது. சாயங்காலம் வேலை முடிந்து வந்து செருப்பைக் கழற்றுவேன். என் மனைவி கதவின் குறுக்கே நிற்பாள். "யோவ், ஊது" என்பாள். அவள் மூக்குக்கு நேராக வாயைத் திறந்து, கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு ஊதுவேன். கண்ணை மூடினால் அவமானம் கொஞ்சம் குறைச்சலாகத் தெரியும். அப்புறம் அவளே கட்டைவிரலால் என் கண்ணின் கீழ் இமையை இழுத்துப் பார்ப்பாள். ஊதுவது சாராயத்துக்கு, கண்ணைப் பார்ப்பது போதை மாத்திரைக்கு. இரண்டிலும் பாஸானால் "சரி, போ உள்ள" என்று வழிவிடுவாள்.

புயல் மழையிலும் இதே நடைமுறைதான். எம்.கே.பி. நகரிலிருந்து என் மகளைப் பெண் பார்க்க வந்தவர்கள் உள்ளே உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தபோதும் நான் வாசலில் ஊதிவிட்டுத்தான் உள்ளே போய்க் கைகூப்பினேன். சம்பந்தம் முடிந்தது. மாப்பிள்ளையின் அம்மா அன்றைக்கே என் மனைவியைச் சமையலறைக்குத் தள்ளிக்கொண்டு போய், தன் வீட்டுக்காரரை எந்த வயதிலிருந்து ஊத வைக்கலாம் என்று விசாரித்தாராம்.

என் மனைவியின் மூக்கைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். காசிமேட்டில் ஒரு இறால் கம்பெனியில் தோலுரிக்கும் வேலை அவளுக்கு. நாள் முழுக்க ஐஸும் இறாலும். திருவொற்றியூரில் நாங்கள் இருக்கும் ஹவுசிங் போர்டு பிளாக்கில், காற்று மணலிப் பக்கமிருந்து திரும்பினால் அழுகிய முட்டை, கடல் பக்கமிருந்து திரும்பினால் கருவாடு. இத்தனை வாடைக்கும் நடுவில், மத்தியானம் குடித்துவிட்டு நாலு கொய்யா இலையை மென்று, மேலே ஒரு வாழைப்பழமும் தின்றுவிட்டு வந்தவனை அவள் மாடிப்படி ஏறும்போதே கண்டுபிடித்துவிடுவாள். அந்த மூக்கை அரசாங்கம் மாசுக் கட்டுப்பாட்டுக்கு எடுத்துக்கொண்டிருந்தால் எங்கள் ஏரியா எப்போதோ உருப்பட்டிருக்கும்.

குடித்த காலத்தைப் பற்றி விலாவாரியாக எழுத மாட்டேன். குடியை விட்டவர்கள் எல்லாரும் அதைத்தான் எழுதுகிறார்கள், படித்தால் ஒரு கட்டிங் போடலாமா என்றுதான் தோன்றுகிறது. சுருக்கமாகச் சொல்கிறேன். துறைமுகத்துக்குக் கன்டெய்னர் ட்ரெய்லர் ஓட்டினேன். வரிசையில் ஒன்றரை நாள் நிற்க வேண்டும். தூங்காமலிருக்க ஒரு மாத்திரை, தூங்க ஒரு மாத்திரை, இரண்டுக்கும் சண்டை வந்தால் விலக்கிவிட ஒரு குவாட்டர். கடைசியில் ட்ரெய்லரும் போனது, லைசென்ஸும் போனது. பக்கத்து வீட்டு மீன்பிடி லாஞ்சு டிரைவர் வீட்டில் சாம்பார் கொதித்துக்கொண்டிருக்கும்போதே அடுப்பை அணைத்து, சிலிண்டரைக் கழற்றித் தோளில் வைத்துக்கொண்டு போய் விற்றவன் நான். அடுப்பை அணைத்துவிட்டுத்தான் எடுத்தேன் என்பதைப் பல வருஷம் என் நற்குணத்துக்கு அத்தாட்சியாகச் சொல்லித் திரிந்தேன்.

விடுவதற்கு முயற்சி செய்யாமலில்லை. மூன்று தடவை கோயிலில் கயிறு கட்டினேன். எங்கள் பக்கம் இனிக் குடிக்க மாட்டேன் என்று கயிறு கட்டினால், எத்தனை நாளைக்கு என்று சாமியிடம் சொல்லித்தான் கட்ட வேண்டும். ஆறு மாதம் என்று கட்டியவன், ஆறாம் மாதக் கடைசி நாள் கயிற்றை அவிழ்த்துக் கடலில் போட்டுவிட்டு, கடை திறப்பதற்கு அரை மணி முன்னாலேயே ஷட்டர் வாசலில் நிற்பான். அம்மனுக்குக் கொடுத்த வாக்கை ஒரு நாள்கூட முன்னதாக மீறாத உத்தம பக்தர்கள். நானும் அந்த வரிசையில் நின்றிருக்கிறேன்.

கடைசியில் ஒரு மறுவாழ்வு மையத்தில் மூன்று மாதம் இருந்தேன். முடித்து வரும்போது புறா படம் போட்ட சான்றிதழ் ஒன்றை லேமினேஷன் செய்து கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்து அதைப் பெருமையாக நீட்டினேன். என் மனைவி வாங்கி இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, இட்லி மாவு குண்டானுக்கு மூடியாக வைத்தாள்.

"இந்த காயிதமெல்லாம் எனக்கு வோணாம்யா. சத்தியமும் வோணாம், கயிறும் வோணாம். தெனம் சாயங்காலம் வாசல்ல நின்னு ஊதணும், கண்ண காட்டணும். ஒரு நாள் வாட வந்துச்சின்னா, நீ வெளிய, நானும் என் பொண்ணும் உள்ள. அவ்ளோதான் சட்டம்."

அந்தச் சட்டத்தில்தான் பிழைத்தேன். மையமும் உதவியது, குடியை விட்டவர்கள் கூடும் ஞாயிற்றுக்கிழமை கூட்டங்களும் உதவின, இல்லையென்று சொன்னால் நாக்கு அழுகிவிடும். ஆனால் மத்தியானம் மூன்று மணிக்குக் கால் தானாகக் கடைப்பக்கம் திரும்பும்போது எனக்கு ஞானமொழி எதுவும் ஞாபகம் வராது. அவள் மூக்குதான் ஞாபகம் வரும்.

அப்புறம் கடவுளுக்கும் என்னை வைத்து விளையாட ஆசை வந்துவிட்டது. மணலிப் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில் கேட்டில் வேலை கிடைத்தது. என்ன வேலை? உள்ளே வரும் டிரைவர்களை மெஷினில் ஊத வைக்கிற வேலை. முதலாளிக்கு என் பழைய கதை தெரியும். "உன்னை ஏமாத்த முடியாதுய்யா" என்று சொல்லித்தான் எடுத்தார். மெஷின் மாதத்தில் பாதி நாள் ரிப்பேர். அந்த நாட்களில் என் மூக்குதான் கம்பெனிச் சொத்து. ஒருவன் இருமல் மருந்து என்பான், ஒருவன் பழைய சோறு புளித்துவிட்டது என்பான். ஒருவன் மாமியார் கொடுத்த கஷாயம் என்று சத்தியமே செய்தான். எல்லாம் நான் சொன்ன பொய்கள். ஒன்றுகூடப் புதிதாகக் கண்டுபிடிக்க வக்கில்லையே இவர்களுக்கு என்று எனக்குக் கோபமாக வரும். பகலெல்லாம் ஊருக்கே "ஊது, ஊது" என்று அதிகாரம் பண்ணிவிட்டு, சாயங்காலம் என் வீட்டு வாசலில் வந்து ஊதுவேன்.

குடிக்காதவனை ஊர் எப்படிப் பயன்படுத்தும் என்பது குடிக்கிறவர்களுக்குத் தெரியாது. கல்யாணமா, திரும்பி வரும்போது வண்டியை நான்தான் ஓட்ட வேண்டும். சாவா, ஆடிக்கொண்டு போகிறவர்களின் செல்போனும் சாவியும் செருப்பும் என் பையில்தான். நடமாடும் லாக்கர் ஆகிவிட்டேன். எரிச்சல் மாதிரி முகத்தை வைத்துக்கொள்வேனே ஒழிய உள்ளுக்குள் குளுகுளுவென்று இருக்கும். சிலிண்டர் திருடனிடம் சாவி கொடுக்கிறார்களே!

இந்தக் குளுகுளுப்புதான் என்னைக் கவிழ்க்கப் பார்த்தது. தேர்தல் வந்தது. ஓட்டுப் போடும் நாளையொட்டி மூன்று நாள் மதுக்கடை கிடையாது என்று அறிவித்தார்கள். அதற்கு முந்தின நாள் ஊரே கடை வாசலில் நின்றது. அன்று நான் வேலைக்குக் கிளம்பும்போது பக்கத்து வீட்டு லாஞ்சு டிரைவர், அதே சாம்பார் வீட்டுக்காரர், லுங்கி மடிப்பில் எதையோ மறைத்துக்கொண்டு வந்து படிக்கட்டில் என்னை மடக்கினார்.

"மாமு, நாளைலேர்ந்து மூணு நாளைக்கி கட கெடையாது. இத்த உன்னாண்ட வெச்சிக்கோ." ஒரு குவாட்டர் பாட்டில்.

"என்னாண்டயா? ஏன், உன் வூட்டுக்கு இன்னா?"

"வூட்ல வெச்சா அவ கக்கூஸ்ல கவுத்துடுவா. லாஞ்சுல வெச்சா கூட வர்றவனுங்கோ அமுக்கிடுவானுங்கோ. தோஸ்துங்களாண்ட குட்த்தா காலி பாட்டிலுதான் திரும்பி வரும். இந்த பிளாக்லயே குடிக்காத ஆம்பள நீ ஒருத்தன்தான் கீற. உன்ன வுட்டா நான் யார மாமு நம்புவேன்?"

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? "போடா கஸ்மாலம், குடிகாரன் கையிலயே பாட்டில குடுக்கறியே" என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. சிலிண்டரைத் திருடியவனை அந்த வீட்டுக்காரரே நம்புகிறார் என்றால் இதைவிடப் பெரிய சான்றிதழ் எந்த மையம் கொடுக்கும்? வாங்கிக்கொண்டேன்.

விஷயம் பரவிவிட்டது. சாயங்காலத்துக்குள் பதினாலு பாட்டில்கள். அடையாளம் வேறு. லாஞ்சு டிரைவர் பாட்டிலில் பச்சை வலைநூல் சுற்றியிருந்தது. எலக்ட்ரீஷியன் கறுப்பு டேப் ஒட்டியிருந்தார். இரண்டாம் மாடிப் பூசாரி மட்டும் பாட்டிலுக்கு விபூதிப் பட்டை போட்டுக் கொடுத்தார். எல்லாவற்றையும் பரணில் பொங்கல் பானைக்குப் பின்னால் அடுக்கினேன். மனைவியிடம் சொல்லவில்லை. நான்தான் குடிக்கவில்லையே, சொல்வதற்கு என்ன இருக்கிறது என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். மறைக்கிறவன் சொல்லிக்கொள்ளும் முதல் சமாதானம் அதுதான் என்று ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் நானே பத்து பேருக்கு வகுப்பெடுத்திருக்கிறேன்.

அதே வாரத்தில் இன்னொன்றும் நடந்தது. என் மகள் பேத்தியோடு வந்திருந்தாள். பேத்திக்கு மூன்று வயசு. வாசலில் செருப்பைக் கழற்றியது, நின்றது, என் மனைவியைப் பார்த்து வாயைக் குவித்து 'ஃபூ' என்று ஊதியது, அப்புறம்தான் உள்ளே வந்தது. வீட்டுக்குள் நுழைய அதுதான் முறை என்று நினைத்திருக்கிறது குழந்தை.

மகளுக்கு முகம் சுருங்கிவிட்டது. "யம்மா, போதும்மா. பன்னெண்டு வருஷமாச்சி. இன்னும் அப்பாவ நிக்க வெச்சி ஊத சொல்லினு கீற. அந்தாளுக்கு மானம் இல்லியா?"

என் மனைவி பேத்தியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். மறுநாள் சாயங்காலம் நான் செருப்பைக் கழற்றிவிட்டுக் கண்ணை மூடி வாயைத் திறந்தேன். எதிரே ஆளில்லை. உள்ளே வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"வா. இனிமே ஊத வோணாம். நம்பிட்டேன்."

அப்பாடா என்று இருந்தது. விடுதலை! ஓடிப்போய் பிரியாணி வாங்கி வந்தேன். சாப்பிட்டேன், படுத்தேன். தூக்கம் வரவில்லை. ஏதோ ஒன்றை வெளியே மறந்து வைத்துவிட்டு வந்த மாதிரியே இருந்தது.

கடை மூடிய இரண்டாம் நாள் எனக்கு வார விடுமுறை. மனைவி காலையிலேயே இறால் கம்பெனிக்குப் போய்விட்டாள். மத்தியான வெயில். மணலிக் காற்று. ஃபேன் சுற்றினாலும் வியர்வை நிற்கவில்லை. பாயில் படுத்து மேலே பார்த்தேன். மேலே பரண் இருந்தது.

ஆசை வந்தால் நாக்கு ஊறும், கை நடுங்கும் என்று சினிமாவில் காட்டுகிறார்கள். அதெல்லாம் ஒன்றும் இல்லை. மூளை நிதானமாக, நல்ல வக்கீல் மாதிரி, பாயிண்ட் பாயிண்டாகப் பேசியது. ஒரு பாட்டிலுக்கு ஒரே ஒரு மூடி. பதினாலு பாட்டில், பதினாலு மூடி. எடுத்த அளவுக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டால் எவனுக்கும் தெரியாது. சீல் உடைந்திருக்கிறதே என்று கேட்டால் வெயிலில் தானாக விட்டுக்கொண்டது என்று சொல். பன்னிரண்டு வருஷம் ஒழுங்காக இருந்தவனுக்குப் பதினாலு மூடி ஒரு பெரிய விஷயமா? பென்ஷன் மாதிரி வைத்துக்கொள். கடைசியாக, ரொம்ப மெதுவாக, வக்கீல் முக்கியமான பாயிண்டுக்கு வந்தார்: இனிமேல் உன்னை யாரும் ஊதச் சொல்லப் போவதில்லை.

ஸ்டூலைப் போட்டு ஏறினேன். கைக்கு முதலில் வந்தது பச்சை வலைநூல் பாட்டில். இறங்கித் தரையில் உட்கார்ந்தேன். கூட்டத்தில் எனக்கொரு நண்பன் உண்டு, எந்த நேரமானாலும் கூப்பிடு, ஓடி வருவேன் என்று தலையிலடித்துச் சத்தியம் செய்தவன். போன் போட்டேன். "பூத் சிலிப்பு குட்த்துகினு கீறேன் மாமு, அப்பால பேசறேன்" என்று வைத்துவிட்டான். ஜனநாயகம் என் கழுத்தை எப்படியெல்லாம் அறுத்தது பாருங்கள்.

மூடியைத் திருகினேன். சீல் 'கட்' என்று உடைந்தது. வாடை மேலே வந்தது. பன்னிரண்டு வருஷம் கழித்துப் பார்க்க வந்த சொந்தக்காரன் மாதிரி, நலமா என்று கேட்டபடி வந்தது அது. பயந்துவிட்டேன். நிஜமாகவே பயந்துவிட்டேன். பாட்டிலைத் தரையிலேயே வைத்துவிட்டு, சட்டையை மாட்டிக்கொண்டு, படிக்கட்டில் இரண்டு இரண்டு படியாக இறங்கி ஓடினேன். கதவைப் பூட்டினேனா என்பது இன்றுவரை ஞாபகம் இல்லை. மெயின் ரோட்டில் ஷேர் ஆட்டோவைப் பிடித்துக் காசிமேட்டில் இறங்கினேன்.

இறால் கம்பெனி கேட்டில் வாட்ச்மேனிடம் அவசரம் என்று சொல்லி அவளை வரச்சொன்னேன். ரப்பர் பூட்ஸும் பிளாஸ்டிக் தொப்பியுமாக வந்தாள். தூரத்திலேயே என் முகத்தைப் பார்த்துவிட்டாள், நடை ஓட்டமானது. பின்னாலேயே கூட வேலை செய்யும் பெண்கள் நாலைந்து பேர் வேடிக்கை பார்க்க வந்தார்கள்.

"இன்னாய்யா? இன்னா ஆச்சி? பாப்பாவுக்கு இன்னானா...?"

"பாப்பா நல்லா கீது. நீ என்ன ஊத சொல்லு மே."

"இன்னாது?"

"ஊத சொல்லு மே! மொதல்ல சொல்லு!"

கையுறையைக் கழற்றினாள். "ஊது" என்றாள். அத்தனை பெண்கள் முன்னாலும், வாட்ச்மேன் முன்னாலும் ஊதினேன். ஐஸில் ஊறி வெளுத்துப்போன கட்டைவிரலால் என் இமையை இழுத்தாள். ஜில்லென்று இருந்தது.

"ஒண்ணியும் இல்ல" என்றாள். அப்படியே அங்கே கவிழ்த்து வைத்திருந்த மீன் பெட்டியின் மேல் உட்கார்ந்துவிட்டாள்.

எல்லாவற்றையும் சொன்னேன். பதினாலு பாட்டில் என்றதும் எழுந்து நின்றாள். "வூட்லயா? என் பொங்க பானைக்கி பின்னாடியா? அட பேமானி! குடிக்கறவன் குட்த்தான்னா வாங்கி வெச்சிக்கறவனுக்கு அறிவு எங்க பூடுச்சி?" என்று ஆரம்பித்து என் பரம்பரை முழுவதையும் காசிமேட்டுக் காற்றில் காயப்போட்டாள். தலையைக் குனிந்து நின்றேன். திட்டி முடித்ததும் குரல் இறங்கியது.

"நான் ஏன் நிறுத்தனேன்னு நெனிச்ச? உன் மானத்துக்காவ இல்லய்யா. எனக்கு ஆவல. பன்னெண்டு வருஷமா நாலு மணியானா வயித்துல நெருப்பு. இன்னிக்கி எப்டி வருவானோ, எப்டி வருவானோன்னு. உனுக்கு ஒரு தபா ஊதிட்டா முடிஞ்சி பூடும். பொண்ணு போதும்னு சொன்னதும், சரி, நானும் நாலு நாளு நிம்மதியா இருக்கலாமேன்னு பாத்தேன்."

அழுதேன். வாட்ச்மேன் நல்ல மனுஷன், அந்தப் பக்கம் திரும்பி லாரிக்கு வழிகாட்டுவது போல நின்றுகொண்டார். அங்கே லாரியே இல்லை.

அரை நாள் லீவு சொல்லிவிட்டு என்னோடு வந்தாள். வீட்டில் வலைநூல் பாட்டில் வைத்த இடத்திலேயே இருந்தது. பதினாலையும் பிளாஸ்டிக் கூடையில் அடுக்கினாள். கொட்டுவாள் என்று நினைத்தேன். கொட்டவில்லை. "அடுத்தவங்க பொருளு, நாம கொட்டக்கூடாது" என்று நியாயம் பேசியபடி மாடி மாடியாகப் போய், ஒவ்வொரு பாட்டிலையும் அந்தந்த வீட்டுப் பெண்களின் கையில் ஒப்படைத்தாள். அன்று சாயங்காலம் பிளாக்கின் எல்லாக் கக்கூஸ் குழாய்களிலும் ஒரே நேரத்தில் தண்ணீர் போகும் சத்தம் கேட்டது.

லாஞ்சு டிரைவர் என் வாசலில் வந்து நின்றார். சிலிண்டர் போனபோதுகூட அவர் கண்ணில் அந்த வலியை நான் பார்த்ததில்லை.

"உன்ன நம்பி குட்த்தேனே மாமு! இப்டி துரோகம் பண்ணிட்டியே!"

"மூடிய தொறந்துட்டேன் நைனா" என்றேன். "இன்னும் ரெண்டு நிமிஷம் இருந்தா குடிச்சிருப்பேன்."

அவர் என் தோளை ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனார். அவர் வீட்டு வாசலில் அவர் மனைவி கதவின் குறுக்கே நின்றிருந்தாள். "ஊதிட்டு உள்ள வா" என்றாள். கடையே இல்லாத நாளில் என்னத்தை ஊதுவது என்று அவர் கத்தியது கீழ்த்தளம் வரை கேட்டது. ஆனாலும் ஊதினார்.

மறுநாள் வேலை முடிந்து வந்தேன். செருப்பைக் கழற்றினேன். நானே வாங்கிய வினை, மறுபடியும் கதவின் குறுக்கே நின்றாள். இறால் வாடை. கீழே யாரோ மோட்டார் போட்டார்கள்.

"யோவ், ஊது."

வாயைத் திறந்தேன். பன்னிரண்டு வருஷமாக என் மானத்தைக் காப்பாற்றிக்கொள்ளக் கண்ணை மூடிக்கொண்டு ஊதியவன், அன்றுதான் மூட மறந்து அவள் முகத்தைப் பார்த்தேன். மூச்சை அடக்கிக்கொண்டு நின்றிருந்தாள். நான் ஊதினேன். அதற்கப்புறம்தான் அவள் மூச்சு விட்டாள்.